இருபதாவது பிள்ளை

மெட்ராஸ் பட்டணத்தில் ஒரு பிள்ளைத்தாச்சியைத் தேடி இப்படி நாயாய் அலைய வேண்டி வரும் என்று தங்கபுஷ்பம் கனவிலும் நினைத்ததில்லை. போன மாதம் வரைக்கும் மயிலாப்பூரில் தடுக்கி விழுந்தால் ஒரு பிள்ளைத்தாச்சி மேல்தான் விழ வேண்டும். தங்கபுஷ்பம் தங்கி வேலை கற்கும் பிரசவ விடுதியில் கட்டில் போதாமல் நடையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் வருகிறான், முடிந்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று சர்க்காரே சொன்னாலும் சொன்னது, அதோடு எல்லாம் போச்சு. நாற்பத்திரண்டாம் வருஷத்து ஏப்ரல் மாதம். ஈஸ்டர் ஆராதனைக்குப் புதுப்புடவை சரசரக்க வந்தவர்கள், அந்த வாரமே மூட்டை முடிச்சோடு எழும்பூர் ஸ்டேஷனில் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

போகிறவர்கள் போகட்டும், இவளுக்கென்ன என்று கேட்கலாம். இவளுக்குத்தான் எல்லாம். மிட்வைஃப் பரீட்சைக்கு உட்கார வேண்டுமானால் இருபது பிரசவம் தன் கையால் பார்த்திருக்க வேண்டும். பெரிய நர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். தங்கபுஷ்பம் பார்த்திருந்தது பத்தொன்பது. பரீட்சை மாதக் கடைசியில். போன வருஷம் பரீட்சை சமயத்தில் டைபாய்டில் படுத்துவிட்டாள். இந்த முறையும் தவறினால் அவள் படிப்பு இடம் வேறொருத்திக்குப் போய்விடும். ஒரே ஒரு பிள்ளை, எந்தப் பிள்ளையானாலும் சரி. அதற்குத்தான் இத்தனை ஓட்டம்.

அபிராமபுரத்தில் கஸ்தூரிரங்கன் என்று ஒரு ஆபீஸ் குமாஸ்தா. அவர் மனைவிக்கு நாள் நெருங்கியிருந்தது. தங்கபுஷ்பம் மலைபோல் நம்பியிருந்த வீடு அது. அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஜட்கா நின்றது. மனைவியை இரண்டு பேர் தாங்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வயிற்றைப் பார்த்ததுமே தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது, வண்டி விழுப்புரம் தாண்டாது என்று.

"ஐயா, இன்னும் ரெண்டே நாளு பொறுங்க. நான் இங்கயே கிடந்து பாத்துக்கிடுதேன்" என்று கெஞ்சினாள்.

"ரயில்லேயே பொறந்தாலும் பொறக்கட்டும்மா. குண்டு விழற ஊர்ல என் கொழந்தை பொறக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் கூஜாவைத் தூக்கி உள்ளே வைத்தார்.

ஜட்காவோடு கூடவே லஸ் முனை வரை ஓடினாள். ஏறிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ரயிலில் கையெழுத்துப் போடப் பெரிய நர்ஸுக்கு எங்கே போவது?

அன்று சாயங்காலம் அவள் அண்ணன் கருணாகரன் விடுதிக்கு வந்தான். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போடுகிற வேலை. முதலாளி சரக்கையெல்லாம் தெற்கே அனுப்பிவிட்டுக் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

"நாளைக்கு வண்டி. ஒனக்கும் சேத்து டிக்கெட் எடுத்தாச்சு. பொட்டியக் கட்டு."

"நான் வரல அண்ணே."

"கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? ஊருல காக்கா குருவி இல்ல. இங்க இருந்து யாருக்குப் பிரசவம் பாக்கப் போற, ஜப்பான்காரனுக்கா?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சிரித்தால் அண்ணன் ஜெயித்துவிடுவான். "அக்காவ நெனச்சுப் பாருங்கண்ணே" என்றாள்.

அக்கா மாட்டு வண்டியில் செத்தாள். தெற்கே சொந்த ஊரிலிருந்து நாசரேத் ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம்கூட வரவில்லை. தேரிமணலில் சக்கரம் புதைந்து நிற்க, வண்டிக்குள்ளேயே முடிந்துபோனாள். கூட இருந்த தங்கபுஷ்பத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வேதாகமத்துச் சங்கீதம்தான் சொல்லத் தெரிந்தது. தாயும் போய் பிள்ளையும் போய், அவள் வாய் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு முடிவு பண்ணினாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னொருத்தி இப்படிச் சாகக் கூடாது, அதற்குத் தன் கை வேலை கற்க வேண்டும். கர்த்தர் இதற்குத்தான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறார் என்று அவள் நம்பினாள். கட்டினவன் மார்வலியில் போனபோதும் அந்த நம்பிக்கை போகவில்லை. சபைக் குருவான ஐயரிடம் சிபாரிசு வாங்கிக்கொண்டு மெட்ராஸ் வந்தவள், பத்தொன்பதில் வந்து திரும்பிப் போவாளா?

கருணாகரன் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஒன் சாமியும் நீயும்" என்று முணுமுணுத்தபடி போனான். அவனுக்கும் அதே சாமிதான், ஆனால் கோபத்தில் அது நினைவில்லை.

அவன் போனதும் தங்கபுஷ்பம் கட்டிலடியில் முழங்காலிட்டாள். இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கர்த்தரோடு பேரம் பேசுவதில் அவளுக்கு இணை அவளேதான். டைபாய்டில் கிடந்தபோது, பிழைக்க வைத்தால் காப்பியை விட்டுவிடுகிறேன் என்று பொருத்தனை பண்ணினாள். பிழைத்தாள், காப்பியை விட்டாள். உடற்கூறு பாடம் மண்டையில் ஏறவில்லை என்று ஒரு வருஷம் தலையணையும் மெத்தையும் இல்லாமல் வெறும் பலகையில் படுத்தாள். சொன்ன வாக்கை ஒருபோதும் மீறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

"ஆண்டவரே," என்றாள், "இருபதாவது பிள்ளை என் கையில வந்து விழுற வரைக்கும் பச்சத்தண்ணியத் தவிர ஒண்ணும் வாயில வைக்க மாட்டேன். இது உமக்கு நான் பண்ணுற பொருத்தனை."

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முழுக்க ஒரு பொழுது இருந்து, ஈஸ்டரும் கொண்டாடிய கையோடு யாராவது புதிதாக உபவாசம் ஆரம்பிப்பார்களா? இவள் ஆரம்பித்தாள்.

மறுநாள் விடிந்ததும் நடை. ஆழ்வார்பேட்டையில் பங்களா பங்களாவாகப் பூட்டு. அங்கிருந்து அடையாறு. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நடந்தால் தலை சுற்றியது. எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தாள். அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் கண் போன இடத்துக்குத்தான் போயிற்று. அடையாற்றுப் பாலம் தாண்டி ஒரு அம்மாள் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மெள்ள மெள்ள நடந்து போவதைக் கண்டதும் ஓட்டமாக ஓடி, "எத்தன மாசம்மா?" என்று மூச்சிரைக்கக் கேட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் திரும்பினாள். ஐம்பது வயதுக்குக் குறையாது. "இன்னாம்மே, நக்கலா? எனுக்குப் பேரனே கீறான்! கடை அரிசிய மடியில கட்டிக்கினு போறேன், அது கண்ண உறுத்துதா உனுக்கு?"

திருவான்மியூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். வழியெல்லாம் ஜெபம்தான். பாதி ஜெபம், பாதி சண்டை. பத்தொன்பது வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு இது என்ன விளையாட்டு என்று வானத்தைப் பார்த்துக் கேட்டாள். பிறகு ஒரு சந்தேகம் வந்து குத்தியது. தான் கேட்பதெல்லாம் இன்னொருத்திக்கு வலி வர வேண்டும் என்பதுதானே, இதைக் கர்த்தரிடம் கேட்கலாமா? பதில் தெரியாமல் இன்னும் வேகமாக நடந்தாள்.

அடுத்த நாள் காலை கச்சேரி ரோடு முனையில் ஒரு ரிக்‌ஷாக்காரர் அவளுடைய வெள்ளைப் புடவையையும் கைப்பையையும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "நீ நர்சம்மாவா? அந்தச் சந்துல கலாய் பூசுற பாய் கீறாரே, அவரு வூட்ல நேத்துலேர்ந்து ஒரு பொம்பள வலியில துடிச்சிக்கினு கீது. எப்பவும் வர்ற மருத்துவச்சி ஊருக்கு ஓடிட்டா. போய்ப் பாரேன், புண்ணியமாப் போவும்."

தங்கபுஷ்பத்துக்கு அங்கேயே முழங்காலிடலாம் போலிருந்தது. அதற்கு நேரமில்லை. "ஐயா, நீங்க ஓடிப்போய் பிரசவ விடுதியில பெரிய நர்ஸ் வேம்பு அம்மாளக் கூட்டிட்டு வாங்க. தங்கபுஷ்பம் கேஸ் கெடச்சிருக்குன்னு சொல்லுங்க, போதும்" என்று அவரை விரட்டிவிட்டுச் சந்துக்குள் பாய்ந்தாள்.

ஷரஃபுதீன் வாசலில் கிடந்த துருத்தியின் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாத்திரங்களுக்கு ஈயக் கலாய் பூசுகிற தொழில். பாத்திரம் வைத்திருந்த வீடெல்லாம் காலியான பிறகு எதற்குப் பூசுவது? "எல்லாரும் ஊருக்குப் போறாங்க. எங்களுக்கு எந்த ஊரும்மா? என் பாட்டன் பொறந்ததும் இந்தச் சந்துதான்" என்றார், அவள் கேட்காமலே.

உள்ளே அவர் மனைவி ஜமீலுன்னிசா. பதினெட்டு வயதிருக்கும், தலைச்சன் பிள்ளை. மாமியார் கைசர் ஜஹான் வந்தவளை மேலும் கீழும் பார்த்தார். கைப்பையைத் திறந்து லைசால் மருந்து நெடி கிளம்பியதும்தான் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தங்கபுஷ்பம் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை உயிரோடு இருந்தது. தலை சரியாகத்தான் இருந்தது, ஆனால் இறங்கி வர இன்னும் நேரமாகும். பெண் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தாள்.

வேம்பு அம்மாள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். மயிலாப்பூரில் பிறந்து, பதினோரு வயதில் தாலியறுத்து, பிற்பாடு படித்துப் பெரிய நர்ஸாக ஆனவர். விடுதியில் டாக்டர் முதற்கொண்டு ஊருக்குக் கிளம்பிய பிறகும், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அசையாமல் இருந்தவர். வந்து பார்த்தார், தலையசைத்தார், சுவரோரமாக ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேஸ் தங்கபுஷ்பத்தினுடையது, அவர் தொட மாட்டார். அதுதான் முறை.

பகல் ஏறியது. ஜமீலுன்னிசாவின் வலி வருவதும் போவதுமாக இருந்தது. தங்கபுஷ்பம் இடுப்பைத் தேய்த்துவிட்டாள், வெந்நீர் போடச் சொன்னாள், இடையிடையே உதட்டுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள். மத்தியானம் தாண்டியபோதுதான் கவனித்தாள். கத்திரிக்கோலைக் கொதிநீரிலிருந்து எடுக்கையில் அது பேசினில் கடகடவென்று தட்டியது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துப் பார்த்தாள், இரண்டும் சேர்ந்து நடுங்கின.

வேம்பு அம்மாள் முக்காலியிலிருந்து எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "என்னடி இது, இப்படி ஆடறது? ஜுரமா?"

"ஒண்ணுமில்லம்மா."

"கடைசியா எப்போ சாப்பிட்டே?"

தங்கபுஷ்பம் மணிக்கட்டை உருவிக்கொள்ளப் பார்த்தாள். கைசர் ஜஹான் சொன்னார். "நானும் காலையிலேர்ந்து பாத்துக்கினு கீறேன். டீ வெச்சேன், தொடல. கிச்சடி வெச்சேன், தொடல. எங்க வூட்டுச் சோறு ஆவாதுன்னா வாயத் தொறந்து சொல்லிடு பேட்டி, மவளே."

அது சுருக்கென்று தைத்தது. "ஐயோ, அப்படியில்ல பெரியம்மா!" என்று பதறிப்போய்ப் பொருத்தனையைச் சொல்லிவிட்டாள். சொல்லும்போதே அது சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டது. கட்டிலடியில் சொன்னபோது அப்படிக் கேட்கவில்லை.

கைசர் ஜஹான் யோசித்தார். "நாங்களும்தான் நோன்பு வெக்கிறோம். அதுல பிள்ளைத்தாச்சிக்கு விலக்கு கீது, சீக்காளிக்கு விலக்கு கீது, வழிப் பயணம் போறவங்களுக்கு விலக்கு கீது. உன் நோன்புல யாருக்கும் விலக்கே இல்லியா?"

"இல்ல. நான் வைக்கல" என்றாள் தங்கபுஷ்பம்.

வேம்பு அம்மாள் சிரிக்கவில்லை. "பதினோரு வயசுலேர்ந்து ஏகாதசின்னா நேக்கு ஒரு வாய் ஜலம் கிடையாது. என்னைக் கேட்டுண்டா வெச்சா? பட்டினி கிடந்த கை எப்படி ஆடும்னு நேக்கு நன்னாத் தெரியும். நீ சாப்பிடறதும் சாப்பிடாததும் உன் பாடு, உன் சாமி பாடு. ஆனா இந்தக் கையை அவ கிட்டே கொண்டுபோக விடமாட்டேன். நான் பாத்துக்கறேன். கேஸ் உன் கணக்குல வராது."

தங்கபுஷ்பத்துக்கு உலகமே காலடியில் நழுவியது. சாப்பிட்டால் பொருத்தனை உடையும். கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை உடைத்தவளுக்குக் கர்த்தர் ஏன் பிள்ளையைத் தரவேண்டும்? சாப்பிடாவிட்டால் பிள்ளை வேம்பு அம்மாள் கையில் விழும். எந்தப் பக்கம் போனாலும் சுவர். கைகளை முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டாள். நடுக்கம் அடங்கியது போலிருந்தது. "இப்ப சரியாயிட்டும்மா, பாருங்க" என்றாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அடுத்த வலி வந்தது. ஜமீலுன்னிசா எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி அடங்கியும் விடவில்லை. வியர்த்த முகத்தைத் திருப்பி, "அக்கா, உன் கை ஏன் இப்படி நடுங்குது? எனக்கு இன்னாவோ ஆவப்போவுதா? சொல்லிடு அக்கா" என்றாள்.

மாட்டு வண்டிக்குள் அக்காவும் இப்படித்தான் கேட்டாள். கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆவாது ராசாத்தி" என்று சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் எழுந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள். "பெரியம்மா, கிச்சடி இருக்கா?" பொருத்தனை பண்ணினது நான், வலி படுறது அவ. இது என்ன நியாயம்? அவளுக்கு அழுகையாக வந்தது, அவமானமாகவும் இருந்தது. ஆனால் கை தட்டிலிருந்து வாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தது. பருப்பும் அரிசியும் குழைந்த சூடான கிச்சடி, மேலே கொஞ்சம் ஊறுகாய். இத்தனை ருசியாக அவள் வாழ்நாளில் எதையும் தின்றதில்லை. அதுவும் அவமானமாக இருந்தது.

"ஆண்டவரே, தண்டிக்கணும்னா என்னையத் தண்டியும். என் பரீட்சைய எடுத்துக்கிடும். அந்தப் பிள்ளையத் தொடாதேயும்" என்று மென்றுகொண்டே சொன்னாள். பேரம் பேசுகிற வாய் கிச்சடி தின்னும்போதும் சும்மா இருக்காது.

கையில் நடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேம்பு அம்மாள் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முக்காலிக்குப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தலை தெரிந்தது. போர்க்கால இருட்டடிப்புக்காகக் கறுப்புக் காகிதம் சுற்றிய அரிக்கேன் விளக்கைக் கைசர் ஜஹான் கிட்டே பிடித்தார். தலை வெளியே வந்ததும் தங்கபுஷ்பம் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். தொப்புள் கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, ஒரு சுற்றில்லை, இரண்டு. முகம் நீலம் பாரித்திருந்தது.

வேம்பு அம்மாள் எழுந்தது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. "முக்காத ராசாத்தி, மூச்சு மட்டும் விடு, வாயால விடு" என்றாள். வழுக்குகிற கொடிக்குக் கீழே ஒற்றை விரலை நுழைத்தாள். விரல் அசையாமல் நின்றது. ஒரு சுற்றைத் தளர்த்தித் தலை வழியாக எடுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். அந்த நேரத்தில் அவள் ஜெபிக்கவில்லை. ஜெபிக்க மறந்துபோயிற்று. "இப்ப முக்கு" என்றாள்.

பெண் குழந்தை. அழவில்லை. காலைப் பிடித்துத் தூக்கி உள்ளங்காலில் தட்டினாள், வாயில் விரல் விட்டுச் சளியை எடுத்தாள், முதுகைத் தேய்த்தாள், மறுபடி தட்டினாள். கைசர் ஜஹான் "யா அல்லா, யா அல்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை போட்ட கூச்சலில் வாசலில் இருந்த ஷரஃபுதீன் துருத்தியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

வேம்பு அம்மாள் தாயையும் பிள்ளையையும் நன்றாகப் பார்த்துவிட்டு, "உன் கேஸ்தான். இருபது" என்றார்.

மறுநாள் காலை விடுதியில் ஒரு சேதி காத்திருந்தது. பரீட்சை எடுக்கிற டாக்டர்களெல்லாம் வெளியூர் போய்விட்டார்கள். இந்த மாதம் பரீட்சை கிடையாது. எப்போது என்று பின்னால் தெரிவிப்பார்கள். இடமெல்லாம் அப்படியே இருக்கும், யாருக்கும் போகாது.

தங்கபுஷ்பம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எடுத்துக்கிட்டாரு. எடுத்துக்கிடும்னு நாந்தான் சொன்னேன். பொருத்தனைய உடைச்சேன்ல, பரீட்சைய எடுத்துக்கிட்டாரு."

வேம்பு அம்மாளுக்கு வந்ததே கோபம். "பட்டணம் பூராவுக்கும் சேத்துத் தள்ளி வெச்சிருக்காடி! உன் ஒருத்தி கிச்சடி தின்னதுக்காகவா உன் சாமி ஜப்பான்காரனைக் கிளப்பி விட்டார்?"

தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் விக்கல் மாதிரி வந்தது, பிறகு சிரிப்பாகி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அவள் முகம் மாறியது.

"அம்மா, இந்தச் சேதி ரெண்டு நாள் முன்னால வந்திருந்தா நான் அண்ணன்கூட வண்டி ஏறியிருப்பேன்."

மருத்துவச்சி ஓடிப்போன சந்து, நீலம் பாரித்த முகம், இரண்டு சுற்றுக் கொடி. வேம்பு அம்மாளுக்கும் அதுதான் கண்முன் வந்திருக்க வேண்டும். சாவிக்கொத்தை எடுத்து இடுப்பின் மறுபக்கம் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தங்கபுஷ்பம் கட்டிலடிக்குப் போய் முழங்காலிட்டாள். பழக்கதோஷம், "பரீட்சை தேதி வர்ற வரைக்கும்..." என்று நாக்கு தானாகத் தொடங்கிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொடுக்கவும் கேட்கவும் ஒன்றும் தோன்றவில்லை. வெகுநேரம் சும்மா இருந்தாள். சும்மா இருந்து அவளுக்குப் பழக்கமே இல்லை.

"ஆண்டவரே, நான் இங்கனதான் இருக்கேன். யாருக்குத் தேவையோ அங்க அனுப்பும்" என்றாள் கடைசியில்.

எழுந்து, புழுதி படிந்த முழங்காலைத் தட்டிவிட்டு, பேசினையும் துண்டையும் கைப்பையில் வைத்தாள். கலாய்க்காரர் வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்ட நேரமாகிவிட்டது.